சாம்பலில் முதலில் வருவது

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் பூட்ஸைத் தேய்த்தே கை ஓய்ந்துவிட்டது. சாம்பல் மேட்டுக்குள் நுழையும் முன் கேட்டில் நின்று கம்பி பிரஷ்ஷால் அடிப்பாகத்தைத் தேய்க்க வேண்டும், சாக்ஸில் ஒட்டிய விதைகளைப் பிடுங்க வேண்டும், கால்சட்டை மடிப்பை உதற வேண்டும். நம் மூலமாக ஒரு விதைகூட உள்ளே போய்விடக் கூடாது. தானாக வருவது மட்டும் வரட்டும், அதைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

மண் எடுத்துச் சோதிக்கும் தம்பி ஒருத்தன் இருக்கிறான். ஆபீஸில் எல்லோருக்கும் அவன் மண்ணாங்கட்டி. அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பியே பார்ப்பான். இன்றும் பூட்ஸைத் தட்டாமல் நழுவப் பார்த்தான்.

"மேல பாருங்கக்கா, காக்கா போகுது. அது பிரஷ் பண்ணிட்டா போகுது?"

"காக்கா தானா போகுது. நீ சம்பளத்துக்குப் போற. தட்டு."

மரச்சட்டம் வைத்து அளக்கிற பழைய சதுரங்களில் இப்போது என் தோள் உயரத்துக்குப் புதர். அனல்மின் நிலையத்தை மூடிய வருஷம் அங்கே ஒரு எறும்புகூட இல்லை. இவர், என் வீட்டுக்காரர், அந்த நிலையத்தில் சாம்பல் பிரிவில் தலை நரைக்கிறவரை இருந்தவர். "நான் கொட்டினதை இவ இப்ப கிண்டிப் பாக்குறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். அந்த இருமலை எழுத வேண்டாம். தினமும் கேட்பதே போதும்.

மார்ச் 9

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளை எந்த மாதத்தில் இருக்கிறதோ.

மார்ச் 15, சனி

இவருடைய தலையணைக்குப் பின்னால் சுவரில் ஒரு கறுப்புப் படலம். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வந்தது. என் வீட்டில்! சோப்புத் தண்ணீர் வைத்துத் தேய்த்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்தார்.

"சுத்தம், சுவத்துக்கும் தோல் இருக்கும். உரிச்சிடாத."

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். சுத்தம். அப்பா அம்மா வைத்த பெயரை இவர்கூட மறந்திருப்பார்.

மார்ச் 18

மறுபடி அதே இடம். பிளீச்சிங் பவுடர் போட்டேன். அறிவு கெட்டவள் நான். அந்த நெடியில் இவருக்கு மூச்சே நின்றுவிடும் போல ஆகி, ஜன்னலைத் திறந்து, விசிறி, இன்ஹேலரை வாயில் வைத்து – அரை மணி நேரம் என் உயிர் என்னிடம் இல்லை. இனி பிளீச்சிங் பவுடர் இந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது.

மார்ச் 26, புதன்

கறுப்பின் மேல் பச்சை. பாசி. ஆபீஸ் லென்ஸைக் கொண்டுவந்து பார்த்தேன். காம்பு சிவப்பாக, நுனியில் சின்னத் தொப்பி. பல வருஷமாகப் பார்க்கிற முகம் அது, தெருவில் எதிரே வந்தால்கூட அடையாளம் சொல்லிவிடுவேன். சாம்பல் மேட்டில் முதலில் வருகிற பாசி.

குளியலறையில் ராத்திரி பகலாகத் தண்ணீர் சொட்டுகிறது. அங்கே ஒரு பொட்டுப் பச்சை இல்லை. இவர் படுக்கிற அறையில், இவர் தலைமாட்டில் மட்டும் ஏன்?

ஏப்ரல் 2, புதன்

பாசியில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் மண்ணாங்கட்டியிடம் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தாள் என்று சொல்லி வைத்தேன். அவன் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"நம்ம மேட்டுப் பாசிதாங்கக்கா. ஆனா இது வீட்டுச் சுவத்துல வராதே. இதுக்கு அந்தச் சாம்பல்தான் வேணும். கிட்டத்துல எங்கயாவது சாம்பல் இருந்தாத்தான் நிக்கும். அவங்க வீட்ல எங்க இருக்கு சாம்பல்?"

"எங்கேயும் இல்ல. தினம் ரெண்டு வேளை பெருக்குற வீடு" என்று சொல்லிவிட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. வேறு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. இருக்கிறது. எங்கள் வீட்டில் சாம்பல் இருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். இவர் நெஞ்சுக்குள், இரண்டு பக்கமும்.

ஏப்ரல் 3

வேலையே ஓடவில்லை. கேட்டில் நின்று அந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளிப்பக்கம் தொங்குகிறது. உள்ளே போகும்போது தட்டுகிறோம், தேய்க்கிறோம், உதறுகிறோம். வெளியே வரும்போது? ஒருத்தரும் தட்டியதில்லை. மேட்டை நாங்கள் கெடுத்துவிடுவோமோ என்றே பயந்துகொண்டிருந்தோம். அங்கிருந்து எதுவும் கிளம்பி வரும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

நான் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வேன்? பூட்ஸை வாசலில் கழற்றுவேன், நான்தான் சுத்தமாயிற்றே. சாக்ஸோடு நேராக இவர் அறைக்குப் போவேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே சாக்ஸைக் கழற்றி உதறுவேன். ஒரு நாள் தவறியதில்லை. இவர் நாளெல்லாம் அந்த நேரத்துக்குத்தான் காத்துக்கொண்டிருப்பார்.

கடவுளே. அவர் முகத்துக்கு நேராக உதறியிருக்கேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

டாக்டரிடம் போனோம். புது எக்ஸ்ரேயையும் பழையதையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி மாறி மாறிப் பார்த்தார். வெள்ளைத் திட்டுகள் குறைந்திருந்தன. அவை இருந்த இடத்தில் மெல்லிசாக, கிளை கிளையாக, நார் மாதிரி ஏதோ ஓடியிருந்தது.

"இது என்னன்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா காத்து நல்லாப் போகுது. என்ன குடுக்குறீங்க இவருக்கு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். இவர் முந்திக்கொண்டு, "இவ பேச்சுதான் டாக்டர், தினம் ரெண்டு வேளை" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிந்தது. இருமல் வரவில்லை. நாங்கள் மூன்று பேருமே அதற்காகக் காத்திருந்தோம் போல.

வீட்டுப் படிகளை நிற்காமல் ஏறினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயமும் தாங்கவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் மேலே போனேன்.

ஏப்ரல் 12

சுவரைத் தொடவில்லை. தொடப்போவதும் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஜன்னல் கட்டையில் பெரணி. பாசிக்குள் பொடிப் பொடியாக வெள்ளைப் பூச்சிகள். அதைத் தின்ன வந்த சிலந்தி, மின்விசிறிக்கும் அலமாரிக்கும் நடுவே வலை கட்டியிருக்கிறது. மேட்டில் எது எதற்குப் பின்னால் வந்ததோ அதே வரிசை. அங்கே வருஷக்கணக்கில் நடந்தது இங்கே வாரக்கணக்கில் நடக்கிறது. அடுத்தது அந்த மஞ்சள் பூக் கொடி, அதற்கப்புறம் நத்தை. பார்ப்போம்.

இவர் நன்றாகத் தூங்குகிறார். சாப்பாடுதான் பாதி போதும் என்கிறார். தண்ணீர் நிறையக் கேட்கிறார்.

ஏப்ரல் 23

கொடி வந்துவிட்டது.

ஏப்ரல் 25

நத்தை. இவர் கையின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. இவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் கிழக்கு ஜன்னல், சாயங்காலம் மேற்கு ஜன்னல். நாற்காலியைத் திருப்பிப் போடுவது யார் என்று கேட்டேன். முகம் வெயில் பக்கமே இருந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாத்தனார் வந்தாள். இவருக்கு ஒரே தங்கை, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். கதவைத் திறந்ததும் கத்தினாள்.

"என்ன அண்ணி இது? மனுஷன் இருக்குற ரூமா? உங்க கை சும்மா இருக்காதே, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"அவர் மூச்சு நல்லா இருக்குல்ல. விடு."

"மூச்சு இருக்கு. அண்ணன் எங்க? வந்ததுலேருந்து கூப்பிடுறேன், ஒரு வார்த்தை பேசல. என்னை 'குட்டிப் பிசாசு'ன்னு கூப்பிடாம ஒரு நாள் இருந்திருக்காரா?"

அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. என்னையும் சுத்தம் என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று?

நான் டீ போட அடுப்படிக்குப் போன நேரத்தில் அவள் சாப்பாட்டுத் தட்டிலிருந்த கரண்டியை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். முதலில் சுரண்டும் சத்தம் கேட்டது. அடுத்தது இவர் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், காற்று உள்ளே போகவில்லை, உதடு நீலம். இன்ஹேலர் வேலை செய்யவில்லை. நாத்தனார் "அண்ணா அண்ணா" என்று நெஞ்சைத் தேய்க்கிறாள்.

எனக்கு எப்படித் தோணுச்சோ தெரியல. குப்பை வாளியைக் கவுத்தேன். சுரண்டிப் போட்ட பாசியை அள்ளி, தண்ணியில நனைச்சு, ரெண்டு கையாலயும் சுவத்துல அப்பினேன். அழுத்திப் பிடிச்சிட்டே நின்னேன். விடுங்க, விடுங்க, மூச்சு விடுங்கன்னு கத்தினேன்.

விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணனை இல்லை. கைப்பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். என் நகக்கண்ணெல்லாம் பச்சை. கையைக் கழுவலாமா என்று யோசித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

மே 2

"பசிக்குதா?" என்றேன். தலையசைத்தார். அது ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை. கொடி அசைந்ததாகவும் இருக்கலாம்.

மே 8, வியாழன்

இன்று மிகப் பழைய சதுரத்தில் வேலை. சட்டத்தைக் கீழே வைத்து உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரே புதர் நிழல். அடியில் மட்கிய இலை.

"இங்க பாசி எங்கப்பா?" என்று கேட்டேன்.

"அது போய் நாளாச்சேக்கா" என்றான் மண்ணாங்கட்டி, ஏதோ பஸ் போய்விட்டது என்பது போல. "முதல்ல வந்தது அதுதான். மண்ணாக்குனது அதுதான். மத்ததுக்கெல்லாம் இடம் போட்டுக் குடுத்துடுச்சு, மேல நிழல் விழுந்துச்சு, போயிடுச்சு. அதோட வேலை அவ்வளவுதானே."

அவன் மண்ணைப் பையில் போட்டுக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தான். எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. இவர் அறையில் அலமாரி ஓரமாக ஒரு குச்சி எழும்பியிருக்கிறது. புதர்க் கன்று. நேற்று முழங்கால் உயரம். அதன் நிழல் கட்டிலைத் தொடுகிறது. இந்த அறையில் முதலில் வந்தது யார்? இடம் போட்டுக் கொடுத்தது யார்? இதெல்லாம் தின்று வளர்ந்தது யார் நெஞ்சிலிருந்து?

மூச்சு திரும்பிவிட்டது என்று கும்மாளம் போட்டேனே. மூச்சு யாருக்குத் திரும்பியது?

மே 9

கன்றைப் பிடுங்கினால் இவருக்கு மூச்சு முட்டும். பிடுங்காவிட்டால் இவரே இல்லாமல் போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. இன்று முழுக்க அவர் எதிரில் உட்கார்ந்து அவர் பேசுகிற மாதிரி நானே பேசிக்கொண்டிருந்தேன். "சுத்தம், டீ எங்க?" "சுத்தம், உன் மண்ணாங்கட்டி என்ன சொன்னான்?" என் குரலில் அது நன்றாகவே இல்லை.

மே 13, செவ்வாய்

ஒன்று பார்த்தேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

மேட்டின் வடக்கு ஓரத்தில் ஒரு திட்டு. வயதில் பழைய சதுரத்துக்குச் சமம்தான். ஆனால் அங்கே புதர் கணுக்கால் உயரத்துக்கு மேல் இல்லை. நடுவில் பாசி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பெரணி, கொடி, நத்தை, எல்லாமும் இருக்கிறது, எதுவும் எதையும் மூடவில்லை. மண்டியிட்டுப் பார்த்தேன். கன்றுகளின் நுனியெல்லாம் சீவியது போல் வெட்டுப்பட்டிருந்தது. சுற்றிலும் உருண்டை உருண்டையாகப் புழுக்கை.

"முயல்க்கா" என்றான் மண்ணாங்கட்டி. "புதர் முளைக்குறப்பவே வேலிக்கு அடியில பள்ளம் பறிச்சு உள்ள வந்துச்சு. தினம் வந்து நுனியக் கடிச்சுட்டுப் போகுது. வேரத் தொடாது. அதனால எல்லாமே இருக்கு பாருங்க."

வேரைத் தொடாது. நுனியை மட்டும்.

மே 14

கிள்ளினேன். கத்தரிக்கோல் வேண்டாம், நகத்தாலேயே. கன்றின் நுனியில் இரண்டு இலை. இவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிள்ளினேன். முட்டவில்லை. கிள்ளியதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மே 16

கிள்ளுகிறேன், நிழல் குறைந்துவிட்டது. ஆனால் இவர் வாடுகிறார். தோலில் ஒரு வெளுப்பு. பாசியின் ஓரங்களும் பழுப்பாகிவிட்டன. எங்கே தப்பு செய்கிறேன்? முயல் செய்வதைத்தானே செய்கிறேன்.

மே 17, சனி

இல்லை. முயல் செய்வதை நான் செய்யவில்லை. முயல் கிள்ளியதைத் தொட்டியில் போடுவதில்லை, தின்று அங்கேயே புழுக்கையாகப் போடுகிறது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது. நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இவரை எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் கொட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். கசக்கும் என்று நினைத்தேன். கசக்கவில்லை. மழைத்தண்ணீர் ருசிதான் இருந்தது.

மே 18

இரண்டு வேளை.

மே 24

பாசி ஓரம் பச்சையாகிவிட்டது. எனக்கு வேறு எதுவும் சாப்பிடத் தோன்றவில்லை. அடுப்பு பற்றவைத்து இரண்டு நாளாகிறது. குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. பிளம்பர் வரவே இல்லை.

மே 27

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். அங்கேயும் போய்வந்தால் எதை எங்கே சேர்க்கிறோம் என்றே தெரியாது.

இன்று இவர் கையைப் பிடித்திருந்தபோது கட்டைவிரலால் என் நகக்கண்ணைத் தேய்த்தார். அழுக்கைத் துடைக்கிற மாதிரி. அவ்வளவுதான். ஆனாலும் அது கொடி அசைவு இல்லை.

ஜூன் 6, வெள்ளி

மண்ணாங்கட்டி வந்தான். ஆளைக் காணோமே என்று பார்க்க வந்தானாம். கையில் பழப் பை. வாசலிலேயே நிறுத்தினேன்.

"பழம் அங்கேயே இருக்கட்டும். பூட்ஸைக் கழட்டு. இந்தா பிரஷ். கால்சட்டை மடிப்பையும் உதறு."

சிரித்துக்கொண்டே செய்தான், விளையாட்டு என்று நினைத்தான் போல. உள்ளே ஒரு எட்டு வைத்தான். அவ்வளவுதான். பச்சை ஏறிய கூடத்துச் சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாததா. வரிசையாக ஒவ்வொன்றின் மேலும் கண் போனது, சதுரத்துக்குள் எண்ணுவது போல. அவன் முகத்தில் இவ்வளவு ஆசையை நான் பார்த்ததில்லை. இவ்வளவு பயத்தையும் பார்த்ததில்லை.

"அக்கா... இது எத்தனை நாள்ல...?"

"எண்ணாத. போதும், கிளம்பு."

திரும்பி இறங்கப் போனவனைப் பிடித்து இழுத்தேன். "போகும்போதும் தட்டு."

"வெளிய வரும்போது தட்டணும்னு நம்ம கேட்ல சட்டம் இல்லையேக்கா."

"அங்க இல்ல. இங்க இருக்கு."

தட்டினான். சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு சின்ன மஞ்சள் விதையை எடுத்தான். அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்டான், ரொம்ப மெதுவாக.

நான் கையை மூடிக்கொண்டேன். அவன் தெருவில் இறங்கி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். கதவைச் சாத்தினேன். விதையைப் பிடித்தபடி இவர் அறைப் பக்கம் போனேன்.

அறை நிலைப்படியில் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து கேட்டது. ஈரமாக, மெதுவாக, ஆனால் அதே குரல். அதே கிண்டல். அது அவர்தான். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

"சுத்தம்... காலைத் தட்டிட்டியா?"

"தட்டிட்டேங்க" என்றேன். பொய். பிரஷ்ஷை எடுக்கத் திரும்பவும் வாசலுக்கு ஓடினேன்.